கூடாரம் பிறகு, கழிப்பறை முதலில்: ஏரிக்கரை முகாம் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏரிக்கரைக் கூடார முகாம்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கடந்த தொடர் விடுமுறையில் எந்த முகாமில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இருபது கூடாரம், நாற்பது பேர், இரண்டு கழிப்பறை. ஒன்று பூட்டிக் கிடந்தது. மற்றதன் தொட்டி நிரம்பி, கழிவு சரிவில் இறங்கி ஏரி ஓரத்துச் சதுப்பில் கலந்தது. மறுநாள் மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு அடுத்த வாரத்துக்கு முன்பதிவு வாங்கினார்கள். முகாமின் பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கழிப்பறை ஒழுங்காக இயங்கும்வரை கூடாரத்துக்கு முன்பதிவு வாங்காதீர்கள்.

இதில் அதிகம் துன்பப்படுபவர்கள் பெண்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆறு, ஏழு மணி நேரம் மலைப்பாதையில் நடந்து வந்த உடம்பு அது. 2,000 மீட்டர் உயரத்துக் குளிர்காற்றில் வியர்ப்பது தெரியாது. மூச்சிலேயே ஈரம் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் குடிக்க வேண்டியதைக் குடிக்காமல் படுத்தால் இரவெல்லாம் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு. இரண்டு நாள் அடக்கினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் நீர்க்கடுப்பு. சரி, குடித்துவிட்டால்? நள்ளிரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு சீகைக் காட்டுக்குள் போக வேண்டும். காட்டுமாடுகள் ஏரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் நேரமும் அதுதான். மாதவிலக்கு நாளாக இருந்தால் நாப்கினைப் போட மூடியுள்ள ஒரு வாளிகூடக் கிடையாது. விளம்பரத்தில் ‘கழிப்பறை வசதி உண்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் பல பெண்கள் வீட்டில் சம்மதம் வாங்கி வருகிறார்கள்.

புகார் சொன்னால் வழக்கமாக வரும் பதில், “அடுத்த சீசனுக்குள் இன்னொரு செப்டிக் டேங்க் போட்டுவிடுகிறோம்” என்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏரிக்கரை மண் கறுப்பாக, பஞ்சுபோல இருக்கும். மழைக்காலத்தில் ஒரு முழம் தோண்டினாலே நீர் ஊறும். அங்கே உறிஞ்சுகுழி உறிஞ்சாது. குழிக்குள் இருப்பது ஊற்றோடு சேர்ந்து ஏரிக்குத்தான் போகும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தொட்டிக்குள் கழிவு மட்கும் வேகமும் குறைந்துவிடும். ஜீப் மட்டுமே ஏறும் பாதையில் கழிவு உறிஞ்சும் லாரி வராது. ஆகவே தொட்டி நிரம்பும், வழியும். இதுவரை நடந்தது அதுதான்.

இத்தகைய இடத்துக்குப் பொருந்துவது தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை. இது வெளிநாட்டுச் சமாச்சாரம் அல்ல. திருச்சி மாவட்டம் முசிறியில் இந்த வகைக் கழிப்பறையை மக்கள் புழங்கியிருக்கிறார்கள். மலம், சிறுநீர், கால் கழுவும் நீர் மூன்றுக்கும் தனித்தனி வழி. நம் ஊரில் இந்த மூன்றாவது வழிதான் முக்கியம். காகிதத்தால் துடைக்கும் நாட்டுக்காரர்கள் வரைந்த படத்தை அப்படியே கட்டினால், கழுவிய நீர் மலத்தொட்டிக்குள் இறங்கி நாலே நாளில் நாறும். உலர் கழிப்பறை உதவாது என்று பேர் வாங்கிவிடும். கழுவும் நீரை ஏரியிலிருந்து 60 மீட்டர் தள்ளி, கல்வாழை நட்ட சரளைப் படுகைக்கு விடுங்கள். பனியில் இலை கருகினாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறோம். தொட்டி தரைக்கு மேலே இருக்க வேண்டும், குழியாக அல்ல. நாற்பது பேர், ஆண்டுக்கு நூறு இரவு, இரவுக்கு ஆளுக்குச் சுமார் 300 கிராம் மலம் என்று வைத்தால் 1,200 கிலோ. ஒவ்வொரு முறையும் மேலே போடும் ஒரு குவளைச் சாம்பலையும் சேர்த்தால், ஆண்டுக்கு ஒரு கன மீட்டர் தொட்டி இரண்டு தேவை. வழக்கமாக இங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: ஒன்று நிரம்பினால் மற்றதைத் திறக்கலாம், ஓராண்டில் மட்கிவிடும் என்று. அது சமவெளிக் கணக்கு. 2 முதல் 20 டிகிரி வரை வெப்பமுள்ள இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை மூடி வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நம் மேல்மலையின் சராசரிக் குளிர் அதற்குள் அடங்கும். ஆகவே ஆறு தொட்டி கட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டைத் திறந்து, நான்கைப் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நான்கு அங்குல பிவிசி குழாய் கூரைக்கு மேல் போக வேண்டும், வாயில் கொசுவலை கட்டி. வலை இல்லாவிட்டால் ஈ பெருகும். சாம்பலை நனையாமல் மூடிய டிரம்மில் வைக்க வேண்டும். ஈரச் சாம்பல் நாற்றத்தை அடக்காது. கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஒரு சோலார் விளக்கு, மூடியுள்ள ஒரு வாளி. கடைசி மூன்றுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. அவற்றையும் ஏன் இத்தனை நாள் வைக்கவில்லை என்பது எங்களுக்குப் புரியவே இல்லை.

தண்ணீரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. நல்ல தடை, வரவேற்கிறோம். ஆனால் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் கொடுத்துவிட்டு வருகிறவர் முகாமில் எதைக் குடிப்பார்? ஓடையில் பிடிப்பார். அந்த ஓடைக்கு மேலே நாற்பது பேர் ஒதுங்கியிருக்கிறார்கள். 2,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பில் விட வேண்டும். இதைச் சொல்லும் ஒரு பலகை எந்த முகாமில் இருக்கிறது? ஏரி நீர் கீழே போய் யார் வீட்டுக் குடத்தில் விழுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கொடைக்கானல் மலையிலுள்ள பேரிஜம் ஏரிதான் கீழே பெரியகுளம் ஊருக்குக் குடிநீர்.

“காட்டுக்கு வருகிறவர்கள் குழி தோண்டி மூடிக்கொள்ள வேண்டியதுதானே” என்றும் கேட்கிறீர்கள். நடைபாதையில் அது சரி. நீர்நிலையிலிருந்து எண்பது தப்படி தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, மண்ணைத் தள்ளி மூட வேண்டும்; ஈரத் துடைப்புத்தாளைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும், அது மட்காது. எட்டுப் பேர் ஒரு நாள் ஒரு மேட்டைக் கடந்து போனால் இது போதும். ஒரே மேட்டில் ஆண்டுக்கு நூறு இரவு, இரவுக்கு நாற்பது பேர் தோண்டினால் குழி போட இடம் இருக்காது. மூடியதையும் காட்டுப்பன்றி கிளறிவிடும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர்கள் போன பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் வந்தன. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளை இ-பாஸ் போட்டு எண்ணுகிறோம். வண்டியை எண்ண முடிகிறது, பாட்டிலைப் பறிக்க முடிகிறது. நாற்பது பேருக்கு எத்தனை கழிப்பறை என்று எண்ண மட்டும் ஆள் இல்லையா? வாந்திபேதியில் யாராவது சாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். முகாம்களை மூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏரிக்கரையில் ஓரிரவு படுத்து நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம். கழிப்பறை இயங்கும்வரை முன்பதிவை நிறுத்தி வையுங்கள் என்பதே வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்தச் சதுப்போரத்தில் அஸ்திவாரம் நிற்காது. அக்டோபருக்குள் தொட்டிச் சுவர் எழும்பியிருக்க வேண்டும். இடம் பார்க்கவும் அளவு குறிக்கவும் கூப்பிட்டால் கூலி வாங்காமல் வருகிறோம். அதுவரை, தயவுசெய்து, பூட்டிய அந்த ஒரு கழிப்பறையின் சாவியையாவது முகாமிலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரை முகாம்களுக்கு ஆட்களை அழைத்து வரும் மலைநடை வழிகாட்டிகள்