ஏறாத, வத்தாத தண்ணீர்

லூயிஸ்வில், டெக்சாஸ்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அங்கே நீங்கள், அத்தை, பாட்டி எல்லோரும் நலமா? அத்தையின் முட்டிவலி மழைக்கு அதிகமாகியிருக்குமே என்று இவள் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிறாள். கடலூர் முதுநகரில் மழை பிடித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். கூரை ஓடு மாற்றியாகிவிட்டதா?

போன வாரம் போனில், "அவ்ளோ பெரிய ஏரிய பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு மீனு கூடவா மாட்டல?" என்று கேட்டீர்கள். அதற்குள் பாப்பா எழுந்து அழ, போனை வைக்க வேண்டியதாகிவிட்டது. இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு விவரமாக எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

முதலில் ஏரியைச் சொல்கிறேன். டெக்சாஸில் ஏரி என்றால் ஏறக்குறைய எல்லாமே ஆற்றை மறித்துத் தேக்கியவை. தானாக உண்டான பெரிய ஏரி என்று கேடோ ஏரி ஒன்றைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லூயிஸ்வில் ஏரி, டிரினிட்டி ஆற்றின் எல்ம் ஃபோர்க் கிளையில் 1950களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியது. ஏறக்குறைய 29,000 ஏக்கர். கரையில் நின்றால் சில இடங்களில் எதிர்க்கரை தெரியாது. வீராணத்தின் கரையில் நின்றபோது சின்ன வயதில் என்ன தோன்றியதோ அதுதான் இங்கேயும் தோன்றும், ஆனால் சுற்றிலும் வீடுகள், ஞாயிற்றுக்கிழமையில் சீறிப்பாயும் மோட்டார் படகுகள்.

இங்கே எல்லோருக்கும் பித்து பிடித்திருப்பது பாஸ் என்ற மீனின் மேல். பெரிய வாய், பச்சை முதுகு, பக்கவாட்டில் தலை முதல் வால் வரை கறுத்த பட்டை. நம்ம ஊர்க் கொடுவா மீனுக்கு இனத்தில் சொந்தமில்லை, குணத்தில் சொந்தம். துரத்திப் போகாது. மரத்தடியிலோ பாறை ஓரத்திலோ மறைந்து நின்று, இரை பக்கத்தில் வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். கொடுவாவை எடுக்கும்போது செவுள் ஓரம் கையைக் கிழிக்கும் என்று துணி சுற்றிக்கொள்வீர்களே, இதற்கு அது வேண்டாம். பல் என்று பெரிதாக இல்லை, சொரசொரப்புதான். கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்தால் அப்படியே அசையாமல் தொங்கும்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். ஏரிக்கரைப் பூங்கா ஒன்றின் மூலையில் தண்ணீருக்கு மேல் மரப்பலகை மேடை. அதன் நிழல் காலையில் இடதுபக்கம் விழும். கொஞ்ச தூரத்தில் நாணல் புதர், அதை ஒட்டித் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் பெரிய மரம். நீங்கள் பார்த்திருந்தால், பையை இறக்கி வைக்கும் முன்பே "இங்க நிக்காம எங்கடா நிக்கும்?" என்றிருப்பீர்கள். சனிக்கிழமை விடிந்தால் அங்கே இடம் பிடிக்கப் போட்டி. லூசியானாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவர், ஒரு வியட்நாம் தம்பதி, கட்டடவேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், நான். யாருக்கும் பாஸ் மாட்டுவதில்லை. கெளுத்தி வகை மாட்டும், உள்ளங்கை அளவு புளூகில் மாட்டும். எதற்காக நிற்கிறோமோ அது மட்டும் மாட்டாது.

மீன் இல்லையென்றாலாவது மனசு ஆறும், மாமா. இருக்கிறது! காற்றில்லாத காலையில் பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால் தெரிகிறது. முழங்கை நீளம் இருக்கும் ஒன்று, மேடைத் தூணை ஒட்டியே நிற்கும். ரப்பர் புழுவை முள்ளின் கூர் வெளியே தெரியாமல் கோத்து, முன்னால் ஈயத்தை மாட்டி மெதுவாக இறக்குவேன். மீன் ஒரு சாண் மேலே வரும். பக்கத்துடுப்பு இரண்டையும் விசிறிக்கொண்டு அப்படியே நின்று புழுவைப் பார்க்கும். நான் மூச்சைக்கூட விடமாட்டேன். திரும்பவும் பின்னோக்கியே போய்த் தூணடியில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் தலையை ஆட்டுவார். அவருடைய புழுவையும் அது இப்படித்தான் பார்த்திருக்கிறது.

ஏன் இப்படி என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். படித்தும் பார்த்தேன், கேட்டும் பார்த்தேன். எனக்குப் பிடிபட்டது இதுதான்: இங்கே தண்ணீர் தினம் ஏறுவதும் இல்லை, வத்துவதும் இல்லை.

உப்பனாற்றில் ஒரு இடம் காலையில் வெறுமையாக இருந்தால் நாம் கவலைப்பட்டதில்லை. "தண்ணி ஏறட்டும்" என்று டீ குடிக்கப் போவோம். ஆறு மணி நேரத்தில் கடல் உள்ளே வந்துவிடும், இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கூடவே வரும், கொடுவா பாலத்துக் கால்களுக்கு வந்துவிடும். கெட்ட இடம் அதே நாளில் நல்ல இடமாகும். ஏரியில் அந்தக் கதை கிடையாது. கெட்ட இடம் மாதக்கணக்கில் கெட்ட இடமாகவே இருக்கும். பார்வைக்கு மட்டும் நன்றாக இருக்கும், மனுஷனை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த மேடைக்கடியில் ஈயத்தை இறக்கி நூலை அளந்து பார்த்தேன். நாலு பக்கமும் ஒரே ஆழம். சேறு வந்து படிந்து தட்டையாகிவிட்டது. பாஸுக்கு வேண்டியது விளிம்பு. ஆழமில்லாத இடம் சட்டென்று சரிந்து ஆழமாகிற இடம். வெயிலோ குளிரோ அதிகமானால் ரெண்டு துடுப்பு அடித்து இறங்கிவிட வேண்டும் அதற்கு. பழைய ஆற்றுப் பள்ளம் அந்த மூலையிலிருந்து வெகுதூரம், அங்கே போகப் படகு வேண்டும். கோடையில் மேல்தண்ணீர் 30 டிகிரி தாண்டிச் சுடுகிறது. அடியில் குளிர்ந்த தண்ணீர் தனி அடுக்காகப் பிரிந்து, அதில் பிராணவாயு தீர்ந்துவிடும். மேலே சூடு, கீழே மூச்சில்லை, நடுவில் ஒரு பட்டையில்தான் மீன் பிழைக்கும். ஷாட் என்று மத்தி, சாளைக்குச் சொந்தமான சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாக ஏரி நடுவில் திரியும், பெரிய மீன்கள் அதன் பின்னாலேயே போய்விடும்.

இந்த மாதம் தொடங்கி வடக்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று இறங்கும். முந்தின நாள் சட்டையோடு நின்ற இடத்தில் மறுநாள் ஸ்வெட்டர். காற்று ஓய்ந்தபின் வானம் மாசுமருவில்லாமல் நீலமாக இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு, தூண்டில்காரனுக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. காற்றழுத்தம், வெளிச்சம், தண்ணீர்க் குளிர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மீன் மறைவிடத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இன்னொன்று, இதைப் படித்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்ற சின்ன ஏரியில் 1970களில் ஒரு ஆராய்ச்சி நடத்தினார்கள். பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளம் போட்டுத் திரும்ப விட்டார்கள். 4 ஆண்டு கழித்து ஏரியை வடித்துப் பார்த்தால் 1,700க்கு மேல் மீன். அதில் சுமார் 200 மீன் ஒரு தடவைகூட முள்ளில் மாட்டியதே இல்லை. சில மீன்களோ திரும்பத் திரும்ப மாட்டியவை. அப்புறம் சுலபமாக மாட்டியவற்றைத் தனியாகவும், மாட்டாதவற்றைத் தனியாகவும் இனம்பெருக்கிப் பல ஆண்டு பார்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் கூடிக்கொண்டே போனதாம். மாட்டுகிற குணமும் மாட்டாத குணமும் பிறவியிலேயே வருகிறது! மேடைத் தூணடியில் நிற்கும் அந்த ஒன்று இந்த 200ஐப் போன்றதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன். வாரம் முழுக்க அத்தனை பேர் அத்தனை நிறத்தில் ரப்பர் புழுவை அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டுகிற இடத்தில், ஏமாறுகிற மீன் எப்போதோ தீர்ந்திருக்கும்.

தோணியும் ஃபைபர் படகும் இல்லாதவன் கரையிலேயே நிற்பதுபோலத்தான் இங்கேயும். நல்ல இடமெல்லாம் படகுக்காரனுக்கு. அவனிடம் தண்ணீருக்கடியில் நிற்கும் மீனையே திரையில் காட்டும் கருவி இருக்கிறது. படகு, டிரெய்லர், அதை இழுக்கும் வண்டி என்று சேர்த்தால் நம்ம ஊரில் வீடே கட்டிவிடலாம். கரையில் நிற்பவர்கள் கூலிவேலைக்காரர்கள், வயதானவர்கள், புதிதாக வந்தவர்கள். அவர்களுக்கென்று பூங்காவில் மேடை கட்டுகிறவர்கள், சரிவு இருக்கிற இடமாகப் பார்த்துக் கட்டியிருக்க வேண்டும். கார் நிறுத்த வசதியான இடமாகப் பார்த்துக் கட்டினால் இப்படித்தான் ஆகும். இதை நினைக்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அந்த மெக்சிகோக்காரரின் பையன், ஏழெட்டு வயசு, சாயங்காலம் வரை தக்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

வசந்தகாலத்தில் மட்டும் அந்த மூலைக்கு நிறைய மீன் வரும். தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டும்போது ஆண் பாஸ் கரையோரம் வாலால் குழி பறிக்கும், பெண் வந்து முட்டையிட்டுப் போய்விடும், ஆண்தான் காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் கோபத்தில் கவ்வும். பிடிக்க இங்கே தடையில்லை, நிறைய பேர் பிடிக்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. காவல் மீனைத் தூக்கிய சில நிமிடத்தில் புளூகில் கூட்டம் குழியில் இறங்கி முட்டையைத் தின்னும். திரும்பக் கொண்டுவந்து விட்டாலும் போனது போனதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம துறைமுகத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக்கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குஞ்சு பொரிக்கிற நேரத்தில் கையை வைக்கக் கூடாது.

பிடித்த மீனைத் திரும்ப விடுவார்கள் என்று சொன்னால் அத்தை சிரிப்பார். சட்டப்படி 14 அங்குலத்துக்கு மேலிருந்தால் ஒரு நாளைக்கு 5 வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பாஸ் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் அளந்து, படமெடுத்து, விட்டுவிடுகிறார்கள். 17 வயது ஆகிவிட்டால் லைசென்ஸ் வேண்டும், மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் அதுவும் வேண்டாம்.

இங்கிருந்து கிழக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் லேக் ஃபோர்க் என்று ஒரு ஏரி. மாநிலத்திலேயே பெரிய பாஸ் அங்கேதான் கிடைத்தது, 1992 ஜனவரியில், 18.18 பவுண்டு, அதாவது எட்டே கால் கிலோ. பிடித்தவர் பாரி செயின்ட் கிளேர். அவர் பாஸுக்குத் தூண்டில் போடவே இல்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காக உயிருள்ள சிறு மீனைக் கோத்து விட்டிருந்தார். உயிர் இரைக்கு மிஞ்சி ஒன்றில்லை என்று நீங்கள் சொல்வது அங்கே உண்மையாகியிருக்கிறது.

கொஞ்ச நாளாக நான் மேடையை விட்டுவிட்டேன். ஏரியின் ஒரு கையைக் குறுக்காகக் கடக்கும் சாலைப்பாலத்தடியில் பாறை கொட்டியிருக்கிறார்கள். தெற்குக் காற்று விடாமல் அடித்தால் தண்ணீர் அந்தக் குறுகல் வழியாக நகர்கிறது. கடல் ஏறி இறங்கும் ஓதம் இல்லாத ஊரில் காற்றுதான் ஓதம். பாறையில் ஒட்டியிருக்கும் வரிக்குதிரைச் சிப்பி தூண்டில் நரம்பை அறுத்துவிடும், விரல் நகம் அளவுதான் இருக்கும், ஓரம் அவ்வளவு கூர்மை. முள்ளிலிருந்து ஒரு முழம் நரம்பைத் தடவிப் பார்த்து, சொரசொரத்தால் வெட்டி மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே மாட்டுகிறது. லூசியானாப் பெரியவரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் பாறையில் இறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை, மறுபடி மேடைக்கே போய்விட்டார். அவருக்காகத்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

கோடையில் தாழங்குடாவில் பெண்ணையாற்று முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டுப் போகுமே, கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஆறு குளமாக நிற்கும் அந்த நாட்களில் நீங்கள் எந்த நேரத்தில், எந்த இடத்தில் போடுவீர்கள்? இரையை அடியில் விடுவீர்களா, தக்கை கட்டி மிதக்கவிடுவீர்களா? இரவில் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது, என்ன செய்தீர்கள் என்பது நினைவில்லை. அந்தத் தண்ணீர்தான் இந்த மேடைத் தண்ணீருக்குக் கிட்டத்தில் வரும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்புங்கள், எழுதச் சிரமப்பட வேண்டாம்.

பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு வருகிற நண்பர் ஒருவரிடம் ஒரு ரீலும், நல்ல நரம்பு ரெண்டு சுருளும் கொடுத்தனுப்புகிறேன். அத்தைக்கு முட்டிக்குப் போடும் பட்டையும் அதிலேயே இருக்கும். பாட்டிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்