லாயர் அம்மா நினைவு நாளும் பிள்ளைகளின் பத்திரங்களும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் முன்னாள் மாணவியும், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரமே ‘லாயர் அம்மா’ என்று அழைத்த வழக்கறிஞருமான அம்மையார் இறைவனடி சேர்ந்து இம்மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பள்ளி மண்டபத்தில் நினைவுக் கூட்டம் நடைபெறும். கூட்டம் அரை மணி நேரம்தான். அதன் பிறகு பகல் 1 மணி வரை உங்கள் பிள்ளைகளின் பத்திரங்களைச் சரிபார்ப்போம். மாதந்தோறும் அம்மையார் இதே மண்டபத்தில் செய்துவந்த வேலை அது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவரின் மகள் அவர். 1969-க்குப் பின் சிவப்பு ஐசிக்காரர்கள் (குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள்) வேலை பெர்மிட் இல்லாமல் தோட்டங்களிலிருந்து நிறுத்தப்பட்டபோது அவர் தந்தையும் வேலையிழந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, ஒன்பது மாதப் பயிற்சியை முடித்து, ஈப்போவில் வழக்காடத் தொடங்கிய பிறகும் தோட்டத்து மக்களின் காகிதங்களையே அவர் முதலில் கையில் எடுத்தார்.

தோட்டம் கைமாறி ஆட்குறைப்பு வந்தால், வேலை இழப்போருக்கான நட்டஈடு பற்றிய 1980-ஆம் ஆண்டு விதிகளின் கணக்கை லயத்து வாசலிலேயே உட்கார்ந்து போட்டுக் காட்டுவார். ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். 22 ஆண்டு உழைத்தவருக்கு 440 நாள் சம்பளம். வேலை நின்ற ஏழு நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்தான் இதில் திண்டாடினார்கள். அதனால் சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கச் சொல்வார். இன்றும் பல வீடுகளில் அந்த டின் இருக்கிறது.

மூன்று பிள்ளைகளின் தாய் அவர். வழக்கு எவ்வளவு பெரிதானாலும் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் கட்சிக்காரர் யாருக்கும் நேரம் ஒதுக்க மாட்டார். தாய்மார்களிடம் அவர் அதிகம் பேசியது கையெழுத்தைப் பற்றித்தான். சிறார் பாதுகாவல் சட்டம் 1999-இல் திருத்தப்பட்ட பிறகு, பிள்ளையின் மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை. ஆகவே, அப்பா வரட்டும் என்று பள்ளிப் படிவங்களை வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். அம்மாவின் கையெழுத்தே போதும்.

இனி பத்திரங்கள். பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு. அதற்கு ஆதாரம் தேவை. மருத்துவமனைப் பதிவு, கர்ப்பக் காலத்தில் கிளினிக்கில் கொடுத்த புத்தகம், தடுப்பூசிப் புத்தகம், பள்ளிக் கடிதம் ஆகியவற்றில் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். பள்ளிக் கடிதத்தை அன்றே நாங்கள் எழுதித் தருவோம்.

நம் மக்களிடம் பெரிய சிக்கல் கோயில் கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. தாலி கட்டியதோடு நின்றுவிடுகிறார்கள். 1982 மார்ச் 1 முதல் நம் திருமணங்களைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் பார்க்கப்படும். தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தை குடிமக்களுக்குரிய நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளையின் சூராட்டில் (பிறப்புப் பத்திரத்தில்) ‘புக்கான் வார்கனெகாரா’, அதாவது குடிமகன் அல்ல, என்று விழுந்துவிடும். பிறகு பதிவு செய்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆவதில்லை. பிள்ளை பிறந்த சில மாதங்களில் பெற்றோர் திருமணத்தைப் பதிந்த ஒரு வழக்கில்கூட, 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. இந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வயது வரம்பு உண்டு; பதில் வர ஆண்டுகள் ஆகலாம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் விவரம் மண்டபத்தை விட்டு வெளியே போகாது.

ஆறாம் ஆண்டுப் பெற்றோர் கவனிக்க: பிள்ளைக்கு 12 வயது நிறைந்த 30 நாளுக்குள் மைகார்டு என்ற அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடைநிலைப்பள்ளி போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால்தான் தாமதக் கட்டணம் கட்ட நேர்கிறது. பிறப்புப் பத்திரத்தின் மூலப் பிரதியையும் சிறுவர் அட்டையான மைகிட்டையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு தாயோ தந்தையோ கோலகங்சார் பதிவிலாகாவுக்குச் செல்லுங்கள்.

பெயர் எழுத்துகளையும் ஒருமுறை பாருங்கள். பிள்ளையின் சூராட்டில் இருக்கும் தந்தை பெயரையும் அவருடைய ஐசியில் உள்ளதையும் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ‘ஆறுமுகம்’ என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னாளில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கோ சொத்துக்கோ வாரிசு என்று காட்டும்போது சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டிவரும். அம்மையார் ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். அவசரமாகப் படித்தால் கண் தானே திருத்திக்கொள்ளும் என்பார்.

கொண்டுவர வேண்டியவை: பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் ஐசி, திருமணப் பதிவுப் பத்திரம், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்கள். ஐசியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் இருக்கட்டும். நகல் எடுக்க முடியாதவர்களுக்கு அலுவலகத்தில் எடுத்துத் தருகிறோம். மூலப் பிரதிகளை யாரிடமும் விட்டுச் செல்ல வேண்டாம், பள்ளியிலும்தான். மாலை, மலர்வளையம் வேண்டாம் என்று அம்மையாரின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுள்ளனர். சரிபார்ப்பு மேசையில் மூத்த மகள் உட்காருவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்