சுவருக்குள் இறங்கிய சும்மாடு

வாய்க்கால்கரை ஊர்ச்சொந்தங்கள் எல்லோருக்கும் எட்டுக் குடும்பத்தாரின் வணக்கம்.

நேற்றுப் பொழுது சாய, எட்டுக் குடும்பமும் சேர்ந்து தோட்டத்துச் சாமான் வைக்கக் கட்டிய புதுச் செட்டுக்குப் பூட்டுப் போட்டோம். மோட்டார்கள், கேபிள் சுருள்கள், மருந்தடிக்கும் மிஷின்கள், பவர் டில்லர், சொட்டுநீர்க் குழாய்க் கட்டுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ராத்திரி யாரும் டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகவில்லை. எட்டு வீட்டிலும் தூங்கினார்கள். முன்பு திருட்டில் என்ன நடந்தது, எத்தனை போயிற்று என்பதெல்லாம் கீழ்பவானி வாய்க்காலின் இரு கரையிலும் தெரிந்த சங்கதி. அதை மறுபடி எழுத மனமில்லை. கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கொத்தனாரோடு வந்து கலவை சுமந்த அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்றீர்கள் அக்கா, போடவில்லை. ஆனால் நீங்கள் செய்ததை எழுதாமல் விட முடியாது. அது பூச்சுக்கும் உள்ளே, கல்லுக்கும் உள்ளே மறைந்துவிட்டது. இப்போது எழுதாவிட்டால் இனி யாருக்கும் தெரியாது.

செட்டு கட்ட நினைக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறோம். எட்டு இஞ்ச் ஹாலோ பிளாக்கில், அதாவது நடுவில் குழி உள்ள சிமெண்டுக் கல்லில் கட்டிய சுவர் பார்வைக்குத்தான் எட்டு இஞ்ச். வெளிப்பக்கம் ஒன்றரை இஞ்ச் ஓடு, உட்பக்கம் ஒன்றரை இஞ்ச் ஓடு, நடுவே ஐந்து இஞ்ச் வெற்றுக் குழி. சம்மட்டி வைத்திருப்பவனுக்கு அந்த ஓடு பெரிய தடையே இல்லை. அதைவிட மோசம் கேட் நிற்கும் இடம். நிலைச்சட்டத்தை ஆங்கர் போல்ட் போட்டு அந்தச் சுவரில் முடுக்கினால், போல்ட்டுக்குப் பிடி அந்த ஒன்றரை இஞ்ச் ஓடு மட்டும்தான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் பூட்டு அப்படியே இருக்க, நிலையோடு கேட் பெயர்ந்து வந்துவிடும். எவ்வளவு விலைக்குப் பூட்டு வாங்கினாலும் அங்கே பயனில்லை.

அதனால் குழிகளில் கம்பி இறக்கிக் காங்கிரீட் நிரப்புவதென்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். செட்டு வெளி அளவில் 20 அடிக்கு 12 அடி. கல்லின் நீளம் 16 இஞ்ச் என்பதால், 20 அடிக்கு 15 கல்லும் 12 அடிக்கு 9 கல்லும் வெட்டாமல் கச்சிதமாக உட்காரும். ஒரு வரிசைக்கு 46 கல். வாசலுக்கு மேலே சுவரைச் சுற்றி ஓடும் காங்கிரீட் பட்டையான லிண்டல் பெல்ட்டுக்குக் கீழே 11 வரிசை, மேலே 2 வரிசை. 8 அடி கேட் வாசலைக் கழித்தால் 532 கல் வருகிறது. உடைசலுக்கும் சேர்த்து 560 இறக்கினோம். நிரப்ப வேண்டிய குழிகள் 18: மூலைக்கு ஒன்றாக 4, கேட்டின் இரு பக்கமும் மும்மூன்றாக 6, பின்சுவரில் 4, பக்கச் சுவர்களில் இரண்டிரண்டாக 4. சுவருக்கு அடியில் காங்கிரீட் பெல்ட் போடும்போதே இந்த 18 இடத்திலும் 12 எம்.எம். கம்பியை இரண்டடி மேலே நீட்டி விட்டிருந்தோம். பிறகு மேலிருந்து இறக்கும் கம்பி அதோடு இரண்டடி சேர்ந்து நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் இணைப்பு பிடிக்காது.

திட்டம் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. முதல் நாள் மூன்று வரிசை ஏறியது. மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன்னே, அக்கா மூலைக் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தீர்கள். "உள்ள காரை விழுந்து கெடக்குதுங்க. இதும்மேல காங்கிரீட்டு ஊத்துனா கம்பி குப்பைலதானுங்க நிக்கும்."

கரண்டியால் காரை வைத்துக் கல்லை அழுத்தும்போது இரு பக்கமும் பிதுங்குகிறது. வெளியே பிதுங்குவதைக் கொத்தனார் வழித்துவிடுகிறார். உள்ளே பிதுங்குவது குழிக்குள் விழுகிறது. 11 வரிசை முடிவதற்குள் அடியில் ஒரு சாண் காரைக்கட்டி சேர்ந்துவிடும். அது சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஆறு கலவை, அடித்து இறுகாத பொறுக்கு. நடுவில் துருத்தி நிற்கும் காரை வேறு, மேலிருந்து ஊற்றும் காங்கிரீட்டைத் தாங்கிக்கொள்ளும். அதற்குக் கீழே வெற்றுக் குழிதான் மிஞ்சும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாச் சுமையும் வந்து சேர்கிற அடிப்பகுதியில், அதுவும் கேட்டுக்குப் பக்கத்தில், சுவர் பொக்கையாக நின்றிருக்கும்.

நீங்கள் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்தீர்கள். வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, குழியின் அளவுக்கு இறுக்கிச் சுற்றி, இரு பக்கம் நைலான் கயிறு கட்டி, நீட்டி நின்ற கம்பியை அதன் நடுவில் விட்டு உள்ளே இறக்கினீர்கள். கயிறு மேலே கிடந்தது. அடுத்த கல்லை வைக்கும்போது அதன் குழி வழியாகக் கயிற்றை இழுத்து வெளியே போட்டால் போதும். ஒரு வரிசை ஏறியதும் சும்மாட்டையும் ஒரு வரிசை மேலே இழுக்க வேண்டும். விழுந்த காரை அதன் தலையில் உட்கார்ந்து கூடவே வரும். இழுபடும்போதே பக்கங்களில் பிதுங்கி நிற்பதையும் ஈரச் சாக்கு வழித்துவிடும். கம்பி முடிகிற உயரம் தாண்டியதும் நடுத் துளையில் துணி திணித்து அடைத்தீர்கள்.

18 குழிக்கும் 18 சும்மாடு வேண்டுமே என்று பழைய மஞ்சள் மூட்டைச் சாக்குகளைக் கேட்டு வாங்கிக் கிழித்து, மத்தியானச் சோற்று நேரத்தில் உட்கார்ந்து நீங்களே சுற்றினீர்கள். பிளாஸ்டிக் சாக்கு உதவாது, வழுக்கும், காரையைப் பிடிக்காது என்றும் சொன்னீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்த மூன்று வரிசையில் விழுந்ததற்கும் வழி சொன்னீர்கள். அடிக்கல்லின் உட்பக்க ஓட்டில் நாலு இஞ்சுக்கு ஒரு வாய் வெட்டி, வளைத்த கம்பியால் சுரண்டி எடுத்தோம். 18 குழியிலும் சேர்த்து, கலவை சுமக்கும் பாண்டுச் சட்டியில் ஒன்றரைச் சட்டி வந்தது. அந்த வாய்களைப் பூசி அடைக்காமல் வைத்திருந்ததால்தான், பின்னால் காங்கிரீட் அடிவரை இறங்கியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

சாயங்காலம் ஆள் கலைந்த பிறகும் நீங்கள் நின்று, எல்லாக் கயிற்றையும் இழுத்து, மறுநாளைக்குச் சாக்கை நனைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள். காய்ந்த காரையோடு ராத்திரி முழுக்க விட்டால் சாக்கு கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பது நாங்கள் யோசிக்காத விஷயம். நான்கு நாளும் இப்படி. கூலியில் இதற்குக் கணக்கில்லை. எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டதற்கு, "இதுக்குள்ள என்ன வெக்கப்போறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றீர்கள். அதற்குமேல் எங்களால் பேச முடியவில்லை.

சுவர் கட்டி ஐந்து நாள் கழித்துத்தான் நிரப்பினோம். பச்சைச் சுவரில் ஊற்றினால் அழுத்தம் தாங்காமல் கல் வெளியே தள்ளும். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி மூன்று என்ற கலவை, அரை இஞ்ச் ஜல்லி. முக்கால் ஜல்லி போட்டால் கம்பிக்கும் கல்லுக்கும் இடையில் சிக்கி நிற்கும். பதம் இட்லி மாவைப்போல் தளர்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் கல்லே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கெட்டிக் கலவை பாதி வழியில் நின்றுவிடும். அடி வாய்க்குப் பலகை வைத்து முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு குழியையும் மூன்று தவணையாக ஊற்றி, எட்டடிக் கம்பியால் ஒவ்வொரு தவணையும் குத்தி இறக்கினோம். மொத்தம் 5 மூட்டை சிமெண்டு ஆயிற்று.

நிரப்பிய ஏழாம் நாள் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். நிரம்பிய இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், வெற்றுக் குழி டொக்கென்று எதிரொலிக்கும். 17 குழி அடி முதல் நுனி வரை கெட்டி. பின்சுவரில் ஒன்று மட்டும் இடுப்பு உயரத்தில் டொக்கென்றது. அது நடுவில் கலவை தீர்ந்து முக்கால் மணி நேரம் நின்ற குழி. உட்பக்க ஓட்டினை வெட்டி, கழுவி, மறுபடி அடைத்தோம். சாக்கு இறங்காமல் இருந்திருந்தால் எத்தனை குழி அப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே மனசு பதறுகிறது.

மற்றவர்களுக்கும் நன்றி நிறைய இருக்கிறது. நிலையைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் கால்களான ஹோல்டுபாஸ்ட்டுகளை நிரம்பப்போகும் குழிக்குள்ளேயே விட்டு நிறுத்தச் சொன்ன வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு. மேல் கீலைத் தலைகீழாகப் பற்றவைத்து, கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி செய்ததும் அவர்தான். கீலை அறுத்தாலும் கதவு வராதபடி, கீல் பக்கத்தில் மூன்று 16 எம்.எம். கம்பித் துண்டுகளை வைத்து, மூடும்போது அவை நிலையில் உள்ள துளைக்குள் போய் உட்கார வைத்தார். பூட்டைச் சுற்றி இரும்புக் கூடு வைத்ததால் கட்டர் வாய் எட்டாது. துண்டுக் கம்பிக்குக் காசு வாங்கவில்லை.

14 நாள் நனைத்து நான்கு வாரம் உலர்ந்த கல்லை மட்டும்தான் ஏற்றுவேன் என்று எங்கள் அவசரத்துக்கு இணங்காத கல் களத்துக்காரருக்கு நன்றி. ஈரக் கல் சுவரில் போய்த்தான் சுருங்கும், விரிசல் விடும். செங்கல்லைப்போல் தொட்டியில் ஊறப்போடாதீர்கள், மேலே லேசாகத் தெளித்தால் போதும் என்று சொல்லி அனுப்பியவரும் அவரே. காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் விட்ட பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கும், சாரக் கட்டைகளை வாடகையில்லாமல் தந்தவருக்கும், இடம் விட்டுக் கொடுத்த பெரியவருக்கும், தரைக் காங்கிரீட் அன்று கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்த பையன்களுக்கும் எங்கள் கும்பிடு.

கூரைக்குத் தகரம்தான் போட முடிந்தது. திருகாணியைக் கழற்றிவிட்டால் தகரம் கையோடு வந்துவிடும் என்பதால், அதன் அடியில் 10 எம்.எம். கம்பியை ஆறு இஞ்சுக்கு ஒன்றாகக் குறுக்குக் குழாய்களில் பற்றவைத்திருக்கிறோம். தகரத்தை எடுத்தாலும் ஆள் நுழைய இடமில்லை. தரையில் நான்கு இரும்பு வளையங்களைக் காங்கிரீட்டோடு புதைத்திருக்கிறோம், டில்லருக்கும் மோட்டார்களுக்கும் சங்கிலி போட. தகரத்தின் அடியில் விடிகாலை நீர் கோத்துச் சொட்டும். ஆகவே மோட்டார்கள் கட்டைமேல்தான் இருக்க வேண்டும், காயிலில் ஈரம் ஏறக்கூடாது.

கட்டட வேலையில் சித்தாளிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை அக்கா, நீங்களாகத்தான் வந்து கையை விட்டுப் பார்த்தீர்கள். எட்டுக் குடும்பமும் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இந்தக் கரையில் இனி நாங்கள் எந்தச் சுவர் எழுப்பினாலும், குழி சுத்தம் பார்க்கிற வேலையைத் தனி வேலையாக எண்ணி, அதைச் செய்பவருக்குக் கொத்தனார் கூலியே கொடுப்போம். இந்த நான்கு நாளுக்கும் அதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

18 சும்மாட்டையும் அலசிக் காயவைத்து, கயிற்றோடு செட்டின் உட்சுவரில் மாட்டியிருக்கிறோம். எட்டு இஞ்ச் கல்லில் கட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து எடுத்துப் போகலாம். காரை ஒட்டாமல் அலசித் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
வாய்க்கால்கரை எட்டுக் குடும்பத்தார்