தொழில் கருவிகளோடு ஓடிய சாண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் அடிமை முறை வரலாறு கற்பிக்கப்படுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிஞ்சு மனங்களில் இத்தனை கொடுமையை ஏற்றலாமா என்று கட்டுரையாளர் கவலைப்படுகிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு வர்ஜீனியாவில் வசிக்கும் எனக்கு அந்தக் கவலை இல்லை. பாடத்தைப் பூசி மெழுகித் தருகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த மெழுகல் இங்கே புதிதல்ல. 1957 முதல் இம்மாநிலத்தில் ஏழாம் வகுப்புக்கு வைத்திருந்த வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. நன்றாக உடுத்திய கறுப்பினக் குடும்பம் ஒன்று கப்பலில் வந்திருக்கிறது. வெள்ளைக்காரர் கை குலுக்கி வரவேற்கிறார். விடுமுறைக்கு வந்த உறவினர்கள் என்றே நினைக்கத் தோன்றும். 2015-இல் டெக்சாஸ் மாணவர்கள் படித்த புவியியல் புத்தகம், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைத் 'தொழிலாளர்கள்' என்றது. கண்டனம் எழுந்த பிறகுதான் பதிப்பகம் திருத்தியது. 2023-இல் புளோரிடா மாநிலப் பாடத்திட்டமோ, அடிமைகள் கற்றுக்கொண்ட திறன்கள் சில வேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டன என்று கற்பிக்கச் சொன்னது.

இதற்கெல்லாம் பதிலாக ஒரே ஒரு தாள் போதும் என்பது என் மகளின் வகுப்பில் நடந்ததைப் பார்த்தபோது புரிந்தது. 1769 செப்டம்பரில் 'வர்ஜீனியா கெசட்' பத்திரிகையில் வந்த விளம்பரத்தின் நகலை ஆசிரியை பிள்ளைகளிடம் கொடுத்தார். சாண்டி என்ற அடிமை ஓடிவிட்டார். வயது ஏறக்குறைய 35. குள்ளம், சற்றே பருமன். காலணி தைப்பவர், பெரும்பாலும் இடது கையால் வேலை செய்வார். ஓரளவு தச்சு வேலையும் தெரியும். குடித்தால் அடங்கமாட்டார். இழுவை வார் உரசிய தழும்புகள் நிறைந்த வெள்ளைக் குதிரை ஒன்றையும் தன் தொழில் கருவிகளையும் கொண்டுபோயிருக்கிறார். அந்தத் தொழிலைச் சொல்லியே எங்காவது வேலை தேடக்கூடும். பிடித்துத் தருவோருக்கு உள்ளூரில் 40 ஷில்லிங், காலனிக்குள் வேறிடத்தில் 4 பவுண்டு, வேறு காலனியில் 10 பவுண்டு. கீழே பெயர்: தாமஸ் ஜெபர்சன், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர்.

திறன் தனக்கே பயன்பட வேண்டுமென்றால் சாண்டி கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது! இதை விளம்பரம் கொடுத்தவரே ஒப்புக்கொள்கிறார். புளோரிடாக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

அன்று இரவு சாப்பிடும்போது, "அவர் பிடிபட்டாரா அப்பா?" என்று மகள் கேட்டாள். தேடிப் பார்த்தோம். பிடிபட்டார், 1773-இல் ஜெபர்சன் அவரை 100 பவுண்டுக்கு விற்றுவிட்டார். அடுத்த மூன்றாவது ஆண்டில் 'எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கின்றனர்' என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவரும் அவரே. இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவள் அவள்தான். நான் வாய் திறக்கவில்லை. 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் 39 லட்சத்துக்கும் மேல் என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்தும் போனாள். சாண்டியின் இடது கை மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

வெள்ளைக் குதிரையோடு அவரைப் பாதையில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஆசிரியை வகுப்பில் கேட்டிருக்கிறார். எல்லா நிறத்துப் பிள்ளைகளும் மணி அடித்த பிறகும் வாதாடினார்களாம். யாரும் குற்ற உணர்வில் குன்றிப்போகவில்லை. பெற்றோர் ஒருவர் புகார் கொடுத்தார். பள்ளி நிர்வாகம் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டது. இப்போது 1619, 1793, 1863, 1865 என்று ஆண்டுகளைப் பொருத்தும் தாள் ஒன்று தருகிறார்கள்.

ஆண்டுகள் என்றதும் ஒரு திருத்தம். 1863-இல் லிங்கன் வெளியிட்ட பிரகடனத்தோடு அடிமை முறை ஒழிந்தது என்று கட்டுரையில் இருக்கிறது. அது ஒன்றியத்துக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தை விட்டு விலகாத கென்டக்கியிலும் டெலவேரிலும் 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை அடிமைகள் இருந்தார்கள்.

விளம்பரத்தை முழுமையாகத் தமிழில் பெயர்த்து இத்துடன் இணைத்துள்ளேன். கடிதத்தில் 'அவர்' என்று எழுதிய நான் அதில் 'அவன்' என்றே போட்டிருக்கிறேன். எஜமானர் தமிழில் எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பார். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெட்டுங்கள். விளம்பரத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரிச்மண்ட், வர்ஜீனியா