உப்பும் வேலிப் பொட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழில் பிரசர் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் என்று எங்கள் சாப்பாடு முழுவதற்கும் ஏச்சு விழுந்திருந்தது. சரி, உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் சாப்பிட்ட உப்பில் எவ்வளவு உடம்பில் தங்கும் என்பதை யார் தீர்மானிப்பது? அந்தப் பக்கமே கட்டுரையாளர் போகவில்லை.

சிறுநீரகத்தின் சேகரிக்கும் கான்களில் மேலணிக் கலங்கள் வேலி மாதிரி நிற்கின்றன. அந்த வேலியில் பொட்டுகள், அதாவது புகுந்து போகக்கூடிய ஓட்டைகள், உண்டு. சிறுநீரோடு போகவிருந்த, உப்பிலுள்ள சோடியம் அவற்றுக்குள்ளால்தான் திரும்பி வருகிறது. அல்பா, பீற்றா, காமா என்ற மூன்று புரதத் துண்டுகள் சேர்ந்த இந்த வாயிலுக்கு ஈனாக் என்று பெயர். ஊரில் வேலிப் பொட்டை அப்பு கிடுகு வைத்து அடைப்பார், பொடியள் மறுநாளே பிரித்துவிடுவார்கள். கலத்திலும் அதே கதைதான். நெட்-4-2 என்ற புரதம் ஈனாக்கின் வாலைப் பிடித்து, அதில் யுபிகுயிற்றின் என்ற சிறு புரதத்தை ஒட்டிவிடும். அந்த அடையாளம் விழுந்த வாயிலைக் கலம் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும்.

உடம்பில் உப்புக் குறைந்தால் அல்டொஸ்தரோன் என்ற ஓமோன் கூடும். அது எஸ்ஜிகே-1 என்ற இன்னொரு புரதத்தை உண்டாக்கும். எஸ்ஜிகே-1 நெட்-4-2இல் பொசுபேற்றை ஏற்றியதும், 14-3-3 என்று எண்ணையே பெயராகக் கொண்ட புரதம் வந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பொட்டுகள் திறந்தபடி இருக்கும்.

அப்புவுக்குப் பிடிக்க வாலே இல்லாவிட்டால்? 1963இல் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடிலும் கூட்டாளிகளும் ஒரு குடும்பத்தில் விவரித்த பிரசர் அப்படிப்பட்டதுதான். பீற்றாத் துண்டின் வால் அறுந்திருப்பது 1994இல் தெரியவந்தது. அரிய நோய்தான், ஆனாலும் பரம்பரையாக வருவது.

இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. தங்கையின் மகனுக்கு 22 வயதிலேயே பிரசர். தகப்பனுக்கும் இளவயதில் வந்ததுதான். குளிசை மாறி மாறிப் போட்டும் இறங்கவில்லை. "களவாய்க் கருவாடு தின்னுறான்" என்று வீட்டில் எல்லாரும் அவனைத்தான் ஏசினோம், நானும் சேர்த்து. மூன்று வருடம் கழித்து ஒரு இளம் வைத்தியர் இரத்தத்தில் பொற்றாசியம் குறைவாக இருப்பதைக் கவனித்தார். அல்டொஸ்தரோனும் குறைவு. லிடில் விவரித்த அதே நோயின் அடையாளங்கள். அமிலோரைட் என்ற குளிசை தொடங்கியபின்தான் பிரசர் இறங்கியது.

இதனால்தான் கட்டுரையின் ஒரு வரி என்னை உறுத்தியது: சலம் போக்கும் குளிசைகள் எல்லாம் ஒன்றுதானாம். அமிலோரைட் பொட்டையே நேராக அடைக்கும். ஸ்பைரோனோலக்ரோன் அல்டொஸ்தரோனின் வேலையைத் தடுப்பது. அந்த ஓமோன் ஏற்கெனவே குறைந்திருக்கும் இவனைப் போன்றவர்களுக்கு அதனால் பலனில்லை. அந்த வரியையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியை,
கோண்டாவில்.