கதவுள்ள ஓர் அறை

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். புறநோயாளிப் பிரிவின் கோடியில் எங்கள் ஆய்வுக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த சிறிய அறையைக் குறித்து நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் உங்களிடம் வந்து சேர்ந்தன. பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல்கள் என்னிடம் உள்ளன. பதில் வராததால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுத நேர்ந்தது. பொறுத்தருள வேண்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்காக டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை. மறுநாள் காலை வந்து பார்த்தபோது அறையில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளே கால் உடைந்த கட்டில்களும் பழைய பதிவேடுகளும் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கும் மாடிப்படிக்கும் இடையில், வராந்தாவில் ஒரு பச்சைத் துணி மறைப்பை நிறுத்தி, ஆய்வுக்கு வரும் பெண்களிடம் இனி அங்கே உட்கார்ந்து கேள்வி கேளுங்கள் என்றார்கள்.

என்ன கேட்கிறோம் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். இளம்பெண்களிடம் கிளமிடியா தொற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். உடலுறவால் பரவும் இந்தத் தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று சொல்லி வருபவருக்கு அரசு மையத்தில் நிறம் பிரித்த மாத்திரைப் பொட்டலம் கிடைத்துவிடும். ஒன்றும் இல்லை என்று நினைத்து வீட்டில் இருப்பவருக்கு யார் கொடுப்பார்கள்? அவர்களில் சிலருக்குக் கிருமி கருக்குழாயை மெல்லப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். பல ஆண்டுகள் கழித்துக் குழந்தை இல்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கும்போதும், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்போதும்தான் வெளியே தெரியும். அப்போதும் பழி அந்தப் பெண்ணுக்குத்தான். ஏழு நாள் டாக்சிசைக்ளின் மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது.

அந்த மாத்திரைக்கு முன்னால் ஒரு பரிசோதனை வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் ஒரு பேச்சு வேண்டும். அந்தப் பேச்சைத்தான் நீங்கள் வராந்தாவுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் பெண், திருமணமாகி ஒன்றரை வருடம். அரைநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என்னிடம் ஆய்வு பழகும் மூவரில் இளையவர் அவரோடு பேச உட்கார்ந்தார். பெயர், வயது, வேலை, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என நான்கு கேள்விகள் முடிந்தன. ஐந்தாவது கேள்விக்கு ஆய்வாளர் குரலைத் தாழ்த்தியபோது, மாத்திரை வரிசையில் நின்ற ஓர் அம்மா மறைப்புக்கு மேலே தலையை நீட்டினார். “மக்களே, நீ வடக்கு வீட்டுப் பெண்தானே? இங்கே என்ன விஷயம்?”

அந்தப் பெண் எழுந்துவிட்டார். “தலைவலி மாமி, மாத்திரை வாங்க வந்தேன்” என்று சொல்லி, அந்த அம்மாவுக்குப் பின்னாலேயே வரிசையில் போய் நின்றார். தன் முறை வந்ததும் தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். திரும்ப வரவில்லை. நாங்களாகத் தொலைபேசியில் அழைக்கவும் முடியாது. அவர் கொடுத்திருந்தது மாமியாரின் எண். அவருக்குத் தொற்று இருந்ததா, இல்லையா? இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்று மாலை அந்த இளம் ஆய்வாளர் நான்கு கேள்விகள் மட்டும் நிரம்பிய படிவத்தை என் மேசையில் வைத்தார். “நான் சர்க்கரை நோய் ஆய்வுக்கு மாறிக்கொள்கிறேன், மேடம்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் இந்த நாற்காலிக்கு வந்த வழியை நான் அறிவேன். கடற்கரை ஊர்ப் பெண். முதல் மாதம் என்னையே நோயாளியாக உட்காரவைத்துக் கேட்டுப் பழகினார். புத்தகத்தில் இருந்த சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இரண்டு முறை அழுதார். “கணவரோடு சேர்ந்து இருந்தீர்களா” என்று கேட்டாலே போதும், கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திரு என்று சொல்லிக்கொடுத்தேன். நாற்காலியை நேருக்கு நேர் போடாதே, சற்றுச் சாய்த்துப் போடு, அவர் பார்வைக்கு ஜன்னல் இருக்கட்டும் என்றேன். படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்காதே என்றேன். எல்லாவற்றுக்கும் முந்திய பாடம், கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டதா என்று பார்ப்பது. ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாகக் கேட்கத் தொடங்கியிருந்தார். அம்மாவிடமே சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டுப் போன பெண்கள் உண்டு. அவர் வீட்டிலோ, மகள் ரத்தப் பரிசோதனை வேலை செய்வதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனையையும் தாங்கியவரை ஒரு துணி மறைப்பு உடைத்துவிட்டது.

மறைப்பு இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் கேட்டார். துணி பார்வையைத் தடுக்கும், குரலைத் தடுக்காது. மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், பங்கேற்பவரின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கின்றன. அதை ஏற்று நம் நெறிமுறைக் குழு கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் ‘தனி அறை’ என்றே எழுதியிருக்கிறது. மாதிரியைப் பெண் தானே பஞ்சுக்குச்சியால் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் எடுத்தது போலவே முடிவு நம்பகமாக இருக்கும். அதற்கும் அந்த அறைதான் இருந்தது. இப்போது பொதுக் கழிப்பறைக்கு அனுப்புகிறோம். அங்கே தாழ்ப்பாளும் இல்லை.

வசதி இல்லாமலே ஆய்வு செய்தவர்கள் உண்டு என்று இன்னொருவர் 1986ஐ நினைவூட்டினார். பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சென்னையில் ரத்த மாதிரிகள் சேகரித்ததையும், வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்ததையும், வேலூரில் சோதித்து இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டதையும் நானும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அது அந்த இருவரின் பெருமை. வசதி செய்து கொடுக்காதவர்கள் அதில் பங்கு கேட்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியை வீட்டில் தேடிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு வந்த பெண்ணுக்கு ஒரு கதவை நாங்கள் எந்த வீட்டிலிருந்து கொண்டுவர முடியும்?

கிளமிடியா கிருமியின் வேறு வகைகள்தாம் பார்வையைப் பறிக்கக்கூடிய டிரக்கோமா என்ற கண் நோயை உண்டாக்குகின்றன. அதை எதிர்த்து இந்த நாடு பல்லாண்டுகள் பாடுபட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா அதை ஒழித்துவிட்டதாக 2024 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. கண் என்றால் ஊரைக் கூட்டிப் பேசுகிறோம். கருப்பை என்றதும் வராந்தாவைக் காட்டுகிறோம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். இங்கே படித்த பெண்களில் எத்தனை பேர் இந்தத் தொற்றின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? சொல்லிக்கொடுக்க முன்வரும் இளையவர்களையோ, உதவித்தொகையை மூன்று மாதம் தாமதித்துக் கொடுத்து, பஸ் செலவுச் சீட்டில் கையெழுத்துக்கு நான்கு மேசைகளுக்கு அலையவிட்டு, கல்யாணம் எப்போது என்று விசாரித்து அனுப்புகிறோம். பிறகு ஆராய்ச்சிக்கு ஆள் வருவதில்லை என்று கூட்டங்களில் வருந்துகிறோம்.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். உதவித்தொகையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்று கேட்பது அறை மட்டும்தான்.

அந்த அறையே வேண்டும் என்றுகூட இல்லை. கதவும் தாழ்ப்பாளும் இரண்டு நாற்காலிக்கு இடமும் உள்ள எந்த அறையானாலும் சரி. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை போதும். மற்ற நேரத்தில் நீங்களே வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு மாறுவதாகச் சொன்னவரை இந்த மாத இறுதி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தயவுசெய்து கதவுள்ள ஓர் அறையை ஒதுக்கித் தாருங்கள்.

கட்டில்களை அப்புறப்படுத்த ஆள் இல்லை என்று கடைசியாகச் சொல்லப்பட்டது. நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். வரும் சனிக்கிழமை பிற்பகல் வந்து நாங்களே தூக்கி வைக்கிறோம். சாவியை மட்டும் காவலரிடம் கொடுத்து வையுங்கள்.

பணிவுடன்,
கிளமிடியா ஆய்வுக் குழுவின் வழிகாட்டி