தொழில் தொடங்க ஆசைப்படும் பிள்ளைகளும் அவர்களுடைய படிப்பும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் காலை வழிபாட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மிகைலா அல்மர் என்ற இளம் தொழில்முனைவோரைப் பற்றிப் பேசினார்கள். அன்று மாலையே உங்களில் சிலர் என்னை அழைத்தீர்கள். "நானும் வியாபாரம் தொடங்குவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான், விடலாமா?" என்று கேட்டார் ஒருவர். "தேர்வு நெருங்கும் நேரத்தில் இதையெல்லாம் ஏன் பிள்ளைகள் காதில் போடுகிறீர்கள்?" என்றார் இன்னொருவர். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னதை எல்லோருக்கும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மிகைலா அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பெண். நாலரை வயதில் ஒரே வாரத்துக்குள் அவரை இரண்டு முறை தேனீ கொட்டிவிட்டது. தேனீ என்றாலே நடுங்கிப்போன குழந்தையிடம் பெற்றோர், "தேனீயைப் பற்றித் தெரிந்துகொள்" என்று ஒரு வேலை கொடுத்தார்கள். தேடத் தேட, மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ எவ்வளவு முக்கியம், அவை எப்படி அழிந்துவருகின்றன என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குப் புரிந்தது. பயம் போய் அக்கறை வந்தது. அந்தச் சமயத்தில் கொள்ளுப்பாட்டி அனுப்பிய பழைய சமையல் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வந்தது. 1940களைச் சேர்ந்த அந்தப் புத்தகத்தில் ஆளி விதை சேர்த்த எலுமிச்சைப் பானத்தின் செய்முறை இருந்தது. அதில் தேனைக் கலந்து, 2009இல் வீட்டு வாசலிலும் குழந்தைகளுக்கான சந்தைகளிலும் விற்கத் தொடங்கினார். லாபத்தில் ஒரு பங்கைத் தேனீக்களைக் காக்கும் பணிக்குக் கொடுத்தார்.

2015இல் ஷார்க் டேங்க் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டேமண்ட் ஜான் என்ற முதலீட்டாளர் 25 சதவீதப் பங்குக்கு 60,000 டாலர் தந்தார். 2017இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் சிலர் சேர்ந்து 8 லட்சம் டாலர் முதலீடு செய்தார்கள். வழிபாட்டில் பிள்ளைகள் கைதட்டியது இந்தத் தொகைகளுக்குத்தான். அந்த வயதில் அது இயல்பு.

நாம் பார்க்க வேண்டியது 2009க்கும் 2015க்கும் இடைப்பட்ட 6 வருடங்களை. அவ்வளவு காலமும் அது சிறிய அளவில்தான் நடந்தது. தொலைக்காட்சி மேடையில் ஏறியபோதும் அப்பா பக்கத்தில் நின்றார். சரக்கு, கணக்கு, ஒப்பந்தம் என்று கனமானதையெல்லாம் தாய் தந்தையர் சுமந்தார்கள். அதனால்தான் அவரால் பள்ளிப் படிப்பை முடித்து, எமரி பல்கலைக்கழகம் வரை போக முடிந்தது. இவ்வளவையும் ஒரு குழந்தை தனி ஆளாகச் சமாளித்தது என்று நம்பிக்கொண்டு நம் பிள்ளையிடம் அதை எதிர்பார்த்தால், அது அநியாயம். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் பாடம் அதிகம்.

அப்புறம், எந்த வகுப்புக்குப் போனாலும் ஒரு மாணவராவது கேட்கும் கேள்வி: "பில் கேட்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவர்தானே சார்?" வீட்டிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். அவர் 1975இல் ஹார்வர்டிலிருந்து வெளியேறியது உண்மை. மார்க் ஸக்கர்பெர்க் 2004இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறியதும் உண்மை. ஆனால் இருவரும் பள்ளிப் படிப்பை நன்றாக முடித்து, நுழைவதற்கே கடினமான ஓர் இடத்தில் சேர்ந்தவர்கள். வெளியேறும்போது இருவர் கையிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழில் இருந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு கசக்கிறது என்பதற்காக அவர்கள் எதையும் விடவில்லை. பிள்ளைகளிடம் இதைக் கோபப்படாமல் சொல்லுங்கள். காது கொடுத்துக் கேட்பார்கள்.

நம் பள்ளியிலேயே சில பிள்ளைகள் கைவளை செய்து விற்கிறார்கள், வாழ்த்து அட்டை வரைந்து தருகிறார்கள், வீடியோ எடிட் செய்து கொடுக்கிறார்கள். அவர்களில் ஒரு மாணவி தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். இடப்பக்கம் நூல், மணி, பசை, உறை. வலப்பக்கம் விற்ற வளையல்கள். கூட்டிக் கழித்து, கீழே 'லாபம்' என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார். "இதில் உன் நேரம் எங்கே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு வளையலுக்கு ஆகும் நிமிடங்களை எண்ணத் தொடங்கினார். சதவீதப் பாடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளை அவர். தள்ளுபடி கொடுத்தால் என்ன மிஞ்சும் என்பதை இன்று மனக்கணக்காகவே சொல்கிறார். இதைக் கண்ணால் பார்த்தபிறகு, 'வியாபாரம் என்றால் படிப்பு கெடும்' என்று ஒரே போடாக என்னால் சொல்ல முடியவில்லை.

படிப்பு கெடுகிற இடம் வேறு. பெரும்பாலும் முதலில் பலியாவது தூக்கம்தான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி, 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது. இரவு பதினொன்றுக்கு 'ஆர்டர்' வந்திருக்கிறதா என்று போனைப் பார்க்கும் பிள்ளை, மறுநாள் முதல் பாடவேளையில் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறது. ஆசிரியர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். எனவே வீட்டில் ஒரு நேரம் வையுங்கள். அதற்குப் பிறகு போன் உங்களிடம் இருக்கட்டும், வாடிக்கையாளர் காலைவரை காத்திருக்கட்டும். பணம் வாங்குவது, தெரியாதவர்களிடம் பேசுவது, முகவரி கொடுப்பது ஆகிய மூன்றும் எப்போதும் உங்கள் வழியாகவே நடக்க வேண்டும். இதில் தளர்வே வேண்டாம்.

மதிப்பெண் குறைந்தால் உடனே 'கடையை மூடு' என்று சொல்லாதீர்கள். எந்தப் பாடத்தில், எந்த வாரத்திலிருந்து குறைந்தது என்று வகுப்பாசிரியருடன் உட்கார்ந்து பாருங்கள். வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணம்கூட இருக்கலாம். வியாபாரம்தான் காரணம் என்றால், தேர்வு முடியும்வரை நிறுத்தி வைப்பதைப் பிள்ளையே தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதித் தெரிவிக்கட்டும். அப்படி எழுதுவதற்கும் ஒரு முதிர்ச்சி வேண்டும், அதை நாம் பழக்கலாம். தொழிலில் ஆர்வமே இல்லாத பிள்ளையை 'அந்தப் பெண்ணைப் பார்' என்று மட்டும் ஒப்பிட்டுவிடாதீர்கள். ஓவியத்திலோ ஓட்டப்பந்தயத்திலோ வெறும் வாசிப்பிலோ மூழ்கியிருக்கும் பிள்ளைக்கும் அதே மரியாதை உண்டு.

பள்ளியின் தரப்பில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். சிறு விற்பனை செய்யும் மாணவர்களின் பெற்றோர் அதை வகுப்பாசிரியரிடம் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். கண்காணிப்பதற்காக இல்லை, சோர்வு தெரிந்தால் உங்களிடம் சொல்வதற்காக. பள்ளி வளாகத்தில் மாணவர்களுக்குள் விற்பனை கூடாது. வாங்க முடியாத பிள்ளை மனம் வாடும். வணிகவியல் ஆசிரியர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வரவு செலவு எழுதப் பழக்குவார், விருப்பமுள்ள எந்த வகுப்பு மாணவரும் வரலாம். இதைப் பற்றி என்னிடம் நேரில் பேச விரும்புவோர் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அலுவலகத்துக்கு வாருங்கள், முடிந்தால் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்